ஜானகி அம்மாள்: சர்க்கரை, ‘பாவம்’, ஒரு பேருந்து வழித்தடம்

2024 நவம்பர் 4, காலை

வாசகர் ஒருவர் இன்று இப்படித் தொடங்கி வைத்திருக்கிறார்: “இந்தியச் சர்க்கரைக்கு இனிப்பைக் கொடுத்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பிறந்தநாள் இன்று. இத்தனை சாதித்தும், பாவம், கல்யாணம் குழந்தை எதுவும் இல்லாமல் கடைசிவரை தனியாகவே வாழ்ந்து மறைந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இவரைத் தெரிய வேண்டாமா?”

தெரியத்தான் வேண்டும். ஆனால் முதல் இரண்டு வாக்கியங்களையும் ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் என்பதால் முதல் வாக்கியம் உறுத்துகிறது. இரண்டாவது உறுத்துவதற்கு வேறு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எடவலத்து கக்கத் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை துணை நீதிபதி. தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்டவர். வீடு நிறையப் பிள்ளைகள். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பார்பர் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரம், கோயம்புத்தூர், லண்டன், விஸ்லி, அலகாபாத், ஜம்மு என்று ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, 1970-க்குப் பின் சென்னைக்குத் திரும்பி, மதுரவாயலில் 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

86 ஆண்டுகள். இதில் ‘பாவம்’ எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 4, இரவு

சர்க்கரை விஷயத்தை இன்றே பேசிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கப்பட்டது. அங்கே கரும்பு நன்றாகப் பூ எடுக்கும் என்பதுதான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம். பூவாத கரும்பை வைத்துக்கொண்டு கலப்பு செய்ய முடியாது. பார்பரும் (உதவித்தொகைப் பார்பர் அல்லர், இவர் வேறு) டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்புடன் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-இல் வெளிவந்தது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். வட இந்திய வயல்களின் நிலையை மாற்றியவை அந்த வரிசையில் வந்த கோ ரகங்கள். ஜானகி அம்மாள் அந்த நிலையத்தில் சேர்ந்ததோ 1934-இல். அதற்கு முன்பே கோ ரகங்கள் பரவிவிட்டன. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: காட்டுக் கரும்பு தந்தது இனிப்பு அன்று. அது தந்தது உடல் உறுதி, நோய் தாங்கும் தன்மை, மறுதாம்பு விடும் வலு (வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பது). இனிப்பு ‘வெள்ளை’யிடம் முன்பே இருந்தது.

அப்படியானால் அம்மாள் அங்கே செய்தது என்ன? இந்தக் கரும்புகள் உள்ளே என்னவாக இருக்கின்றன என்பதை அவர் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எத்தனை குரோமோசோம்கள் (செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்), கலப்பில் யாருடைய பங்கு எவ்வளவு வந்து சேர்கிறது, கரும்புக்கு எந்தப் புல் உறவு, எது உறவில்லை என்றெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் கணக்கெடுத்தார். கரும்பைச் சோளத்துடன் கலந்தார், தர்ப்பையின் உறவினப் புல்லுடன் கலந்தார், மக்காச்சோளத்துடனும் கலந்தார். அந்தக் கடைசிக் கலப்பைப் பற்றிய குறிப்பு 1938-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மக்காச்சோளக் கலப்பு எந்த விவசாயியின் வயலுக்கும் போகவில்லை. ஆனாலும் முகத்தோற்றத்தில் ஒட்டே இல்லாத இரண்டு புற்களுக்கு இடையே இன்னும் உறவு அறுந்துவிடவில்லை என்பதை அது காட்டியது. என் கணக்கில் அது சர்க்கரையைவிடப் பெரிய செய்தி. வாழ்த்து அட்டையில் மட்டும் அது ஏறாது.

நவம்பர் 6

“ஒரு பெண் விஞ்ஞானியின் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள்?” என்று ஒருவர் கடிந்துகொண்டிருக்கிறார். நான் குறைக்கவில்லை. பொய்யான பெருமையை ஒருவர் தலையில் ஏற்றினால், நாளைக்கு யாராவது ஒருவர் கோ 205-இன் ஆண்டைக் காட்டி அதைத் தட்டிவிடுவார். அதனோடு உண்மையான பெருமையும் சேர்ந்து கீழே விழும். இந்த வேலையை மாற்றார் செய்வதற்கு முன் நாமே செய்துகொள்வது நல்லது.

போகிற போக்கில் ஒன்று. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு இருக்கும். அது எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை, அது திருவொற்றியூரில் இனித்தது என்பது கதை. பேய்க்கரும்பு என்ற பெயர் நாணல் வகைப் புற்கள் பலவற்றுக்கும் நம் ஊர்களில் வழங்குகிறது. காட்டுப் புல்லும் தின்னும் கரும்பும் ஒரே குடும்பம் என்பதை நம்மவர்கள் எப்படியோ அறிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் நடந்தது முக்தி அன்று என்றாலும், பேய்க்கரும்பை நல்ல கரும்போடு சேர்த்தது நடந்தது.

நவம்பர் 9

குரோமோசோம்களைக் கணக்கெடுத்தார் என்று எழுதியிருந்தேன். அது என்ன பெரிய வேலை என்று இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றபோது பழைய மாணவர் நுண்ணோக்கி ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துத் துடைத்து, ஒரு வெங்காயத்தை நீர் நிறைந்த குவளையின் வாயில் உட்கார வைத்திருக்கிறேன். அசிட்டோகார்மைன் சாயத்தை என் பழைய மாணவி ஒருத்தி சிறு புட்டியில் கொடுத்தனுப்பினாள்.

முறை இதுதான். காலையில் வேர்நுனியை வெட்டி, சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டுச் செல்களை இருந்த இருப்பில் நிறுத்த வேண்டும். பிறகு நீர்த்த அமிலத்தில் மென்மையாக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து, சாராய விளக்கின் மேல் லேசாகச் சூடுகாட்டி, மெல்லிய மூடுசில்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சிறிது கூடினால் சில்லு உடையும். குறைந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இத்தனைக்கும் பிறகு, சரியான நொடியில் பிரிந்துகொண்டிருந்த ஒரு செல் கண்ணில் பட வேண்டும்.

வெங்காயம் 16. இரண்டாம் நாளில் கிடைத்துவிட்டது. மாணவிகளுக்கு வெங்காயத்தைக் கொடுப்பதே அதன் குரோமோசோம்கள் பருமனாக இருப்பதால்தான்.

நவம்பர் 12

திருமணம் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது. ‘ஏதாவது காதல் தோல்வியா?’ என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார்.

சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் ஏற்பாடாகி நடந்தது. இவர் முறை வந்தபோது இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு ‘முறை’ என்றாலே முறைமாப்பிள்ளை நினைவுக்கு வந்துவிடும். வரிசை என்ற பொருளும் அதற்கு உண்டு. வரிசையில் தன் இடம் வந்ததும் அதிலிருந்து விலகி நடந்தவர் என்று சொன்னால் அது முழு விளக்கம்; மறைந்த சோகக் கதை எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆண் விஞ்ஞானி திருமணம் செய்துகொள்ளாவிட்டால் ‘அறிவியலையே மணந்தவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறோம்.

இதை எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். ‘தேர்ந்தெடுத்தார்’ என்ற சொல் அன்றைய நிலைமையைச் சற்று எளிதாக்கிவிடுகிறது. அவர் பிறந்த தீயர் சமூகம் மலபாரின் சாதி அடுக்கில் தீண்டாமையை அனுபவித்த ஒன்று. நீதிபதியின் மகள் என்ற இடம் சில கதவுகளைத் திறந்தது. சாதியும் பெண் என்பதும் வேறு சில கதவுகளைச் சாத்தின. ராணி மேரிக் கல்லூரியே 1914-இல்தான் தொடங்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகள் முன்னால் பிறந்திருந்தால், சென்னையில் அவர் போய்ச் சேர ஒரு பெண்கள் கல்லூரியே இருந்திருக்காது. துணிவு அவருடையது, அது பலிக்க அந்த ஆண்டும் ஒத்துழைத்தது.

நவம்பர் 17

கரும்பில் தோற்றுவிட்டேன்.

சந்தையில் வாங்கிய கரும்பைக் கணுவோடு துண்டு துண்டாக வெட்டி ஈர மணலில் புதைத்திருந்தேன். (கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் திருத்துகிறார்: அதற்குக் ‘கரணை’ என்று பெயர் இருக்கும்போது ஆசிரியை ‘துண்டு’ என்று எழுதலாமா என்கிறார். எழுதக் கூடாது. கரணை.) வேர் நன்றாக வந்தது. ஒன்பது சில்லுகள் போட்டேன். ஒன்றில்கூட எண்ண முடியவில்லை. தின்னும் கரும்பின் மூல இனத்துக்கு 80. காட்டுக் கரும்புக்கு வகைக்கு ஒரு கணக்கு: 40-இலிருந்து 128 வரை போகும், கோயம்புத்தூர்ப் பக்கத்து வகைக்கு 64. இன்று நாம் கடிக்கும் கலப்பினக் கரும்பில் இவையெல்லாம் கலந்து நூற்றைத் தாண்டிவிடுகின்றன. கடுகைச் சிதறவிட்டது போலக் கிடக்கிறது; ஒரு பக்கத்திலிருந்து எண்ணி மறுபக்கம் போவதற்குள் முதலில் எண்ணியது எது என்று மறந்துவிடுகிறது. என் நுண்ணோக்கி மட்டமானது என்று சொல்லித் தப்பிக்கலாம். 1930-களின் கோயம்புத்தூரில் இருந்ததும் மின்னணு நுண்ணோக்கி அன்று.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் லண்டனில் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வதும், காலையில் உடைந்த கண்ணாடியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வதும் அந்த நாட்களின் வழக்கம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1945-இல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதிய, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு வெளிவந்தது. ஒரு செடியின் எண் வேண்டுமென்றால் உலகம் முழுவதும் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டினார்கள்.

ஒன்பது சில்லுகளில் களைத்துப்போய் அடுப்படிக்குப் போனவள் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 18

‘அவர் பெயரில் பூ இருக்கிறதாமே?’ என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 1945 முதல் 1951 வரை அவர் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தின் செல்லியலாளராக இருந்தார். அங்கே மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் மருந்தைத் தடவி, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். இரட்டிப்பானால் இலை தடிக்கும், இதழ் பெரிதாகும். அவர் பெயர் தாங்கிய வெள்ளை மக்னோலியா வகை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. நம் பக்கத்தில், கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்பாளர் தம்பதியர் தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கால்ச்சிசின் எங்கோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுதான். அதற்காகவே தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கட்டி வளர்க்கிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், நஞ்சு.

டிசம்பர் 1

இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் தம் மனத்தை மாற்றிக்கொண்ட பகுதி. அதை அவசரமாக எழுதக் கூடாது என்று இத்தனை நாள் ஒத்திப்போட்டேன்.

நேருவின் அழைப்பின்பேரில் 1951-இல் இந்தியா திரும்பினார். 1890-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டுப் பின்னர் தேங்கிப்போயிருந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைப்பது அவர் பொறுப்பு. அதுவரை அவருடைய வேலை பெரும்பாலும் பயிர்களோடும் தோட்டச் செடிகளோடும்தான்: எதை எதோடு கலந்தால் மனிதனுக்கு ஆகும் என்ற கேள்வி. திரும்பி வந்து காடுகளில் அலையத் தொடங்கியதும் கேள்வி வேறாயிற்று. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு காட்டு மக்னோலியா மரத்தைத் தேடிப் போனதையும், போய்ப் பார்த்தபோது அது எரிக்கப்பட்டுக் கிடந்ததையும் எழுதியிருக்கிறார். விஸ்லியில் மக்னோலியாவைப் பெரிதாக்கியவர் அவர். அன்றைய அசாமில் மக்னோலியாவின் கரியைப் பார்த்தவரும் அவரே. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குச் சற்று நேரம் எழுத ஓடவில்லை.

1955-இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றியிருக்கிறான் என்பது பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. எழுபது பேர் அளவில் அழைக்கப்பட்டிருந்த அந்தக் கூட்டத்தில் பெண் இவர் ஒருவர்தான். அங்கே அவர் கட்டுரை படித்தது இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றி: காட்டையும் சிறு நிலத்தையும் நம்பி வாழ்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்த செடிகள்.

பிறகு கேரளத்தின் மழைக்காடான அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி). குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. அந்தக் காடு நீருக்கு அடியில் போவதற்குள், அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கப் போவதாகக் கடிதத்தில் எழுதினார். அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர். அதே எதிர்ப்பை இவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில், எண்ணிக் காட்டிச் செய்தார். 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு அவர் போய்விட்டிருந்தார்.

டிசம்பர் 3

‘பாவம்’ பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

என் அத்தை ஒருவர், அப்பாவின் மூத்த சகோதரி, திருமணம் செய்துகொள்ளாமல் பள்ளி ஆசிரியையாக இருந்து 88 வயதில் காலமானார். சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி. வெள்ளிக்கிழமை திருவேற்காடு, மாதம் ஒரு சீட்டு, வாசல் திண்ணையில் மாலை நேரத்து இலவச வகுப்பு; கோடை விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிக் காசி வரை போய், அங்கிருந்து அஞ்சலட்டை போடுவார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘பாவம், தனிக்கட்டை’ என்றார்கள். தலையாட்டிக்கொண்டு நானும் அதையே சொன்னேன். அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு வேலை, ஒரு மாமியார், உட்காரக்கூட நேரம் இல்லாத ஒரு வீடு. பாவம் என்று யார் யாரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

ஜானகி அம்மாள் மதுரவாயலில் பூனைகள் வளர்த்தார், மூலிகைத் தோட்டம் போட்டார், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் சூழ ஒரு பெரிய குடும்பத்தின் அத்தையாகவும் பெரியம்மாவாகவும் இருந்தார், கடைசிவரை ஆய்வுக்கூடத்துக்குப் போனார். தனியாக இருந்தாரா? இருந்திருப்பார், சில மாலைகளில். எட்டுப் பேர் இருக்கும் வீட்டிலும் சில மாலைகள் அப்படித்தான் இருக்கின்றன.

டிசம்பர் 4

நேற்றைய குறிப்பில் என் வீட்டைப் பற்றி எழுதியதை மகன் படித்துவிட்டான். தொலைபேசியில் பத்து நிமிடம் விளக்கம் கேட்டான். மாமியார் இப்போது இல்லை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரவில்லை.

டிசம்பர் 20

இதை எழுதலாமா என்று தயங்கினேன்.

1978 முதல் 1983 வரை நான் பூந்தமல்லியிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் பேருந்தில் போய் வந்தேன். வேலப்பன்சாவடி, வானகரம், மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று நிறுத்தங்கள் இன்னும் வரிசையாக வாயில் வரும். மதுரவாயல் அப்போது வயலும் ஏரியுமாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. ஜானகி அம்மாள் வாழ்ந்ததும் அங்கேதான். தாவரவியல் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள், நாளுக்கு இருமுறை, நான் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் குரோமோசோம் தொகுப்பு நூல் இருந்தது. முதுகு கிழிந்த பச்சை அட்டை. முதுகலை செய்முறைக்கு எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். ஆனால் அது 1955-இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் ஆசிரியர் பெயர்கள் டார்லிங்டன், வைலி. முதல் பதிப்பில் இருந்த இணையாசிரியரின் பெயர் அந்த அட்டையில் இல்லை. ஆகவே, புத்தகம் என் கையில் இருந்தது, அதன் முதல் பதிப்பை எழுதியவர் என் பேருந்து நிறுத்தத்தில் இருந்தார், எனக்கு இரண்டுமே தெரியவில்லை. எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவுமில்லை.

அந்த நிறுத்தத்தில் இறங்கியிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று ஒருவர் கேட்கிறார். பத்தொன்பது வயதில் நான் என்ன கேட்டிருப்பேன்? ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றுதான் கேட்டிருப்பேன்.

2025 பிப்ரவரி 7

இரண்டு செய்திகள்.

ஒன்று, திருத்தம். முதல் குறிப்பில் பத்மஸ்ரீ 1957 என்று எழுதியிருந்தேன். பல இடங்களில் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் பார்த்து எழுதிவிட்டேன். விருது கிடைத்தது 1977-இல், அவருடைய 79-ஆம் வயதில். 1957 என்பது இந்திய தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கிய ஆண்டு. சர்க்கரைக்காக மற்றவர்களைத் திருத்தப் புறப்பட்டவள் இருபது ஆண்டுகளைத் தவறவிட்டிருக்கிறேன். கடிந்துகொள்ள விரும்புவோர் கடிந்துகொள்ளலாம்.

இரண்டு, கரும்பைக் கைவிட்டுக் கத்தரிக்கு மாறினேன். மிச்சிகனில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நிகாண்ட்ரா என்ற செடியும் கத்தரிக் குடும்பம்தான். மை ஒற்றும் தாளில் விதையை முளைக்க வைத்து, ஜனவரி முழுவதும் சில்லு போட்டேன். புள்ளி புள்ளியாக, வெங்காயத்தின் பக்கத்தில் வைக்கவே முடியாத அளவுக்குச் சிறியவை. முதலில் 22 வந்தது, பிறகு 23, பொங்கலன்று 25. இன்று காலை ஒரு செல் நன்றாகப் பரந்து கிடைத்தது. நான் ஒருமுறை எண்ணினேன், பேத்தியை அழைத்து அவளிடம் சொல்லாமல் அவளையும் எண்ணவிட்டேன்.

இருவருக்கும் 24.